கோடும் வரப்பும்



பாப்பிரெட்டிப்பட்டி சேர்வராயன் மலையின் அடிவாரத்து ஊர். பள்ளி நாளின் காலைப் பொழுதில், அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து சீருடை அணிந்த மாணவரும் மாணவியரும் மிதிவண்டியில் வருவது நமக்குப் பழகிய காட்சி. அவ்வண்டிகளுள் பல, அரசு விலையின்றி வழங்கியவை. 2001-02ஆம் ஆண்டில் பட்டியலின, பழங்குடி மாணவியர்க்கெனத் தொடங்கப்பெற்ற அத்திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலைக் கல்வி பயில்வோர் அனைவர்க்கும் உரியதாயிற்று. அதற்கும் முன்னரே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றுக்கொண்டனர். பிறர் துணையின்றித் தாம் விரும்பிய இடத்திற்குத் தாமே செல்லும் உரிமையை அந்த இரண்டு சக்கரங்கள் அவர்களுக்கு அளித்தன.

இங்கே மிதிவண்டியில் பள்ளி சென்ற மாணவி ஒருத்தி, கல்லூரிக் கல்விக்காகச் சென்னைக்குச் செல்கிறாள் என வைத்துக்கொள்வோம். விடுதிக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர்தான். ஊரில் அவள் நாள்தோறும் அதைவிட மிகுதியான தொலைவு மிதித்தவள். ஆயினும் தன் வண்டியை ஊரிலேயே விட்டுச் செல்கிறாள். காரணம் யாது? தொலைவன்று; சோம்பலுமன்று. அச்சமே காரணம். அவ்வச்சம் நியாயமானதா? அதனை நீக்க வழியுண்டா? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

முதல் வினாவிற்கு இயற்பியல் விடை கூறுகிறது. ஓடும் பொருளின் ஆற்றல் அதன் எடையைப் பொறுத்தும், வேகத்தின் இருமடியைப் பொறுத்தும் அமைகிறது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே காரைப்போல் நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். மிதிவண்டியோ மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. அதில் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. இத்தகைய இருவரை ஒரே தடத்தில் ஓடவிட்டு, இருவரும் விழிப்பாயிருங்கள் என்று அறிவுரை கூறுவது போதாது. மனிதர் தவறு செய்வர். அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலையை அமைத்தலே அறிவுடைமை.

அதற்கென அமைக்கப்படுவதே பாதுகாக்கப்பட்ட மிதிவண்டித் தடம். பல நகரங்களில் சாலையோரத்தில் ஒரு வெள்ளைக் கோடு இட்டு, மிதிவண்டிப் படம் ஒன்றையும் வரைந்து, தடம் அமைத்துவிட்டதாகக் கூறுவர். அது தடமாகாது. உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். வயலில் நீரைத் தேக்க விரும்புகிறவர் சேற்றின்மேல் கோலால் கோடு கிழிப்பாரா? வரப்பு அல்லவா கட்டுவார்! கோடு விருப்பத்தைக் காட்டும். வரப்பு அதனைக் காக்கும்.

சாலையில் அவ்வரப்பு பல வடிவம் பெறும். கருங்கல்லாலோ சிமெண்டுக் கலவையாலோ மேடு கட்டலாம். வரிசையாகச் சிறு தூண்கள் நடலாம். செடிகள் நிறைந்த தீவுகள் அமைக்கலாம். நியூயார்க் நகரம் 2007ஆம் ஆண்டில் ஒன்பதாம் அவென்யூவில் வேறொரு முறையைக் கையாண்டது. நடைபாதையை ஒட்டி நின்ற கார்களைச் சற்றுத் தள்ளி நிறுத்தச் செய்து, அவற்றிற்கும் நடைபாதைக்கும் இடையே மிதிவண்டித் தடத்தை அமைத்தனர். முன்பு இடையூறாயிருந்த கார் வரிசையே மதிலாயிற்று!

ஆனால், சாலைச் சந்திகளிலேதான் இடர் மிகுதி. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்கின்றன. இடப்பக்கம் திரும்பும் கார், நேரே செல்லும் மிதிவண்டியின் குறுக்கே பாயும். இதனைத் தடுக்க, கார் மெதுவாகத் திரும்பும் வண்ணம் முனையைக் குறுக்குவர். தடத்தைச் சாலையினும் சற்று உயர்த்துவர். மிதிவண்டிக்கெனத் தனி விளக்கு அமைத்து முன்னதாகவே வழிவிடுவர். சந்திதோறும் அறுந்துபோகும் தடம், ஆற்றின் நடுவே முடிந்துபோகும் பாலத்தை ஒக்கும்.

இவையனைத்தும் செல்வ நாடுகளுக்கே இயல்பானவை என்று எண்ணற்க. நெதர்லாந்து நாட்டின் வரலாற்றைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின, மிதிவண்டிகள் ஒதுக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 3,300 பேர் சாலைகளில் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் 400க்கும் மேல். பெற்றோர் பொறுக்கவில்லை. ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் பெயரில் ஓர் இயக்கம் எழுந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் அரசைச் சிந்திக்கச் செய்தது. முதலில் தி ஹேக், தில்பர்க் ஆகிய நகரங்களில் ஒவ்வொரு நல்ல தடம் கட்டினர், பயன் சிறிதே. பின்னர் 1980களில் டெல்ஃப்ட் நகரில் தடங்களை ஒன்றோடொன்று இணைத்து வலையாகப் பின்னினர், பயன் பெருகிற்று. கால்வாய் ஒன்றிருந்து கிளை வாய்க்கால் இல்லையாயின் வயல் நனையுமா?

நம் நாட்டின் அனுபவமும் அறியத்தக்கது. தில்லியில் 2008ஆம் ஆண்டில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டர் நீளத்தில் பேருந்துக்கெனத் தனிவழி அமைந்தது. அதனுடன் மிதிவண்டிக்கும் தனித்தடம் கிடைத்தது. கார் வைத்திருந்தோர் தம் வழி குறுகியதாக முறையிட்டனர். 2012ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வழியை எதிர்த்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2016ஆம் ஆண்டில் அரசே அவ்வழியை இடித்து அகற்றத் தொடங்கியது. பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் 2020ஆம் ஆண்டில் சிறு தூண்கள் நட்டுத் தடம் ஒன்று அமைத்தனர். தூண்கள் பல நாளடைவில் சிதைந்தன. மெலிந்த வரப்பு ஒரு மழைக்கே கரையும்.

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை இவர்களுக்கென ஒதுக்குதல் அதன் குறிக்கோள்களுள் ஒன்று. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019ஆம் ஆண்டில் காருக்குரிய இடத்தைக் குறைத்து, அகன்ற நடைபாதைகள் அமைத்தனர். நடப்போர் பெற்ற இந்நன்மையை மிதிவண்டியோர் இன்னும் முழுமையாகப் பெறவில்லை. நகரின் நடுவே, வரப்பு அறாது தொடரும் தடங்களின் வலை இனிமேல்தான் உருவாக வேண்டும்.

தடைகள் இரண்டு கூறுவர். கடைக்காரர், கார் நிற்க இடமில்லாவிடில் வணிகம் கெடும் என்பர். கார் பொருள் வாங்குவதில்லை, மனிதரே வாங்குகின்றனர். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய பத்து மிதிவண்டிகள் நிற்கும். மற்றொரு தடை மெய்யானது: நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் மிகுதி. மிதிவண்டி நுழையும் இடத்தில் அவையும் நுழைந்துவிடும். இதற்குத் தூண் மட்டும் போதாது. காவலரின் கண்டிப்பும் வேண்டும், ஓட்டுவோரின் நாணமும் வேண்டும்.

நண்பர்களே! சாலை பொதுச் சொத்து. அதனை யார் யார்க்கு எவ்வளவு பகிர்வது என்பது பொறியியல் வினா மட்டுமன்று, நீதியின் வினாவுமாகும். ஒருநாள் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்று, நடப்போர் எத்தனை பேர், மிதிவண்டியில் செல்வோர் எத்தனை பேர், காரில் செல்வோர் எத்தனை பேர் என எண்ணிப் பாருங்கள். பின்பு நாடாவால் சாலையை அளந்து, யார்க்கு எத்தனை அடி கிடைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்தால், எந்நூலும் கூறாத பாடம் ஒன்று உங்களுக்கு விளங்கும்.

நாட்டின் நாளைய பொறியாளரும் ஆட்சியாளரும் உங்களுள் இருக்கின்றனர். மாணவியின் கையில் மிதிவண்டியைக் கொடுத்தது ஒரு தலைமுறை. அவள் அச்சமின்றி அதனை மிதித்துச் செல்லும் வழியைக் கொடுப்பது உங்கள் தலைமுறையின் கடன்.