யூரியா ரியாக்டர் லைனிங்: எந்த ராடு?

அம்பத்தூர் எஸ்டேட், பட்டாபிராம் பக்கம் ஃபேப்ரிகேஷன் வேலை பார்க்கிறவர்களிடம் பேசினால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "லைனிங் 316எல் தானே சார், 316எல் ராடு போட்டா போதாதா?" சாதாரண டேங்குக்குப் போதும். யூரியா ரியாக்டருக்குப் போதாது. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971 முதல் யூரியா தயாரிக்கிறது, தூத்துக்குடியில் ஸ்பிக். இந்தத் தொழிலில் ரியாக்டரின் வெளிச்சுவர் தடிமனான கார்பன் ஸ்டீல். உள்ளே சில மில்லிமீட்டர் தடிமனில் ஸ்டெயின்லெஸ் லைனர். அதற்குள் அம்மோனியம் கார்பமேட், சுமார் 180 டிகிரியில், நூற்றைம்பது பார் போல அழுத்தத்தில். லைனரில் ஒரு ஊசி ஓட்டை விழுந்தாலும் கார்பமேட் பின்னால் போய் கார்பன் ஸ்டீலை நாளுக்கு மில்லிமீட்டர் கணக்கில் தின்னும். பிரஷரைத் தாங்குவது அந்த ஷெல்தான். அதனால்தான் ஷெல்லில் வீப் ஹோல் போட்டு, கசிவு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இனி ராடு விஷயம். வழக்கமான 316எல் ஃபில்லரில் வேண்டுமென்றே கொஞ்சம் ஃபெரைட் வைத்திருப்பார்கள். வெல்ட் உறையும்போது சூட்டு விரிசல் வராமல் இருக்க அது உதவும். மற்ற இடத்தில் அது வரம், இங்கே சாபம். கார்பமேட் ஃபெரைட்டை மட்டும் தேடித் தின்று, வெல்டைச் சல்லடையாக்கிவிடும். யூரியா வேலைகளில் ஃபெரைட் 0.6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான். ஃபெரைட் மீட்டரை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அதற்குப் பதிலாக 25-22-2 வகை ராடு போடுகிறார்கள்: குரோமியம் 25, நிக்கல் 22, மாலிப்டினம் 2 சதவீதம், கார்பன் மிகக் குறைவு. முழுக்க ஆஸ்டெனைட். ஃபெரைட் இல்லையென்றால் விரிசல் வருமே? வரும். அதைச் சமாளிக்கத்தான் மாங்கனீஸை 4 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, சிலிக்கானைக் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் வெல்டர் கவனமாக இருக்கணும்: ஹீட் குறைவு, சின்னச் சின்ன பீடு, ஒவ்வொரு பாஸுக்கும் நடுவே நன்றாக ஆறவிடுவது. வேகமாக முடிக்கிறேன் என்று அகலமாக வீவ் பண்ணினால் ராடு எவ்வளவு நல்லதாக இருந்தும் பிரயோஜனமில்லை.

"அப்படின்னா இன்னும் காஸ்ட்லியா இன்கோனெல் 625 போட்டுடலாமே?" என்பார்கள். ஆசிட் லைனில் அது நல்ல யோசனையாக இருக்கலாம். இங்கே வேண்டாம். அம்மோனியா நிக்கலோடு சேர்ந்து கரையும் சேர்மமாக மாற்றிவிடும். இந்த உலோகங்கள் தாக்குப்பிடிப்பதே மேலே உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். அந்தப் படலம் நிலைக்க ரியாக்டருக்குள் கொஞ்சம் ஆக்ஸிஜனையும் சேர்த்து விடுகிறார்கள். விலை ஏறினால் அரிப்பு குறையும் என்று கணக்கே இல்லை.

ஓட்டை ஷெல் வரை போயிருந்தால் வேலை இன்னும் நுணுக்கம். கார்பன் ஸ்டீல் மேல் முதலில் 309எல்-மோ பஃபர் லேயர், அதன் மேல் 25-22-2 குறைந்தது இரண்டு லேயர். பஃபரில் ஃபெரைட் உண்டு, அடியிலிருந்து இரும்பும் கலந்திருக்கும். அதனால் கார்பமேட் படுகிற பக்கம் அது எட்டிப்பார்க்கவே கூடாது. கிரைண்ட் பண்ணும்போது மேல் லேயரை அளவுக்கு மேல் தேய்த்தால் நடப்பது அதேதான். கார்பன் ஸ்டீலுக்குப் பயன்படுத்தின கிரைண்டிங் வீலை இங்கே தொடவே கூடாது.

வெல்ட் பண்ணுவதற்கு முன் லைனருக்குப் பின்னால் தங்கிய கார்பமேட்டைக் கழுவி வெளியேற்றி, நன்றாக உலர்த்தணும். மிச்சம் இருந்தால் சூட்டில் ஆவியாகி வெல்டில் பொத்தல் விடும். முடிந்தபின் வீப் ஹோல் வழியாக அம்மோனியா ஏற்றி, உள்பக்கம் ஃபினால்ப்தலீன் தடவிப் பார்ப்பார்கள். எங்காவது இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தை நோண்டி எடுத்து மறுபடி போடணும்.

ராடு வாங்கும்போது டப்பா மேல் உள்ள பெயரோடு நிறுத்தாமல், அந்த பேட்சின் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் கொதிக்கும் 65 சதவீத நைட்ரிக் ஆசிட்டில் செய்யும் ஹியூய் டெஸ்ட் முடிவைக் கேளுங்கள். ஐந்து முறை, தலா 48 மணி நேரம். சப்ளையர் அதைத் தர முடியாது என்றால் வேறு கடையைப் பாருங்கள்.