குரல் கேட்டாலே போதும்

பிறந்தநாளா, மரணச் செய்தியா, எதுவானாலும் வாட்ஸ்அப்பில் கூப்பிய கைகளை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அழைத்தால் தொந்தரவாகுமோ என்று தயக்கம். பேச்சு நீண்டுவிடுமோ என்று பயமும்தான். ஊரில் தனியாக இருக்கும் தாய், "நல்லா இருக்கேன்" என்று மகனுக்கு எழுதி அனுப்பிவிடலாம். அதையே வாயால் சொல்லும்போது குரல் கம்முவதை மறைக்க முடியுமா?

தூய யோவானும் தம் இரண்டாம் திருமுகத்தின் முடிவில், எழுத இன்னும் பல இருந்தும், தாளையும் மையையும் விட்டு நேரில் வந்து பேசவே விரும்புகிறார்.

நேரில் போக முடியாத இடத்துக்குக் குரலாவது போகலாம். 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கியபின், அங்குள்ள திருக்குடும்பப் பங்கைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏறக்குறைய நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் அழைத்தார். பெரிய போதனை ஒன்றுமில்லை. எப்படி இருக்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். போரை நிறுத்த அவரால் முடியவில்லை; ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். 2025இல் ஜெமெல்லி மருத்துவமனையில் மூச்சுவிடச் சிரமப்பட்ட நாள்களிலும் அழைத்தார். கடைசி அழைப்பு ஏப்ரல் 19, புனித சனிக்கிழமை இரவு. ஆசீர் அளித்து, தமக்காகச் செபித்ததற்கு நன்றி சொன்னார். திங்கள் காலை இறைவனடி சேர்ந்தார்.