போர் நினைவும் பொய்க் களமும்

யுத்தம் முடிந்து வீடு திரும்பிய வீரனுக்கு யுத்தம் ஓய்ந்துவிட்டதென்று நாம் எண்ணுகிறோம். அவன் மனமோ அவ்வாறு எண்ணுவதில்லை. வீதியில் ஏதேனும் வெடிச்சத்தம் கேட்பின் உடல் பதறுகிறது. உறக்கத்திலும் பழைய களமே தோன்றுகிறது. அவன் அஞ்சி ஒதுக்கும் அந்நினைவையே, அபாயமற்ற அறையில் மனவைத்தியர் அருகிருக்க, கண்களை மூடிப் பன்முறை வாய்விட்டு உரைக்கச் செய்வது இந்நோய்க்குரிய சிகிச்சைகளுள் ஒன்று. எட்னா ஃபோவா என்னும் அம்மையார் இம்முறையை வகுத்தவர். ஆயின் நினைவை விலக்குவதே நோயின் குணமாதலின், சிலரால் அக்காட்சியை மனத்திற் கொணர இயல்வதில்லை. அதனைக் கண்முன்னே படைத்துக் காட்டினால் என்ன?

1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள அட்லாண்டா நகரில், பார்பரா ராத்பாம் என்னும் மனநூல் வல்லுநரும் லாரி ஹாட்ஜஸ் என்னும் கணினி வல்லுநரும் வியட்நாம் போரிற் கலந்துகொண்டவர்களுக்காக இதனைச் செய்யத் தொடங்கினர். தலையில் அணியும் கருவியிலே அவர்கள் அமைத்த காட்சிகள் இரண்டே: காட்டின்மேற் பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்று, காடு சூழ்ந்த வெளி மற்றொன்று. சித்திரமோ மிகவும் எளியது. ஆயினும், அங்கே வரையப்படாத பகைவரையும் கண்டதாகச் சில வீரர்கள் கூறினர்! களத்தின் பாதியைக் கணினி படைத்தது. மறுபாதியை நினைவே நிரப்பியது. ஆதலின் எல்லாவற்றையும் நுணுக்கமாய் வரைவதே சிறப்பென்னும் கொள்கையை நாம் முற்றும் ஏற்பதற்கில்லை.

பின்னர், ஈராக் போரிலிருந்து திரும்பியோர்க்காகத் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஸ்கிப் ரிஸ்ஸோ என்பவரும் அவர் குழுவினரும் விரிவானதொரு களத்தை அமைத்தனர். அதன் முதற்பொருள் ஒரு கணினி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டதென்பது வியப்பே. பாலைவனச் சாலையில் ராணுவ வண்டி செல்கிறது. நோயாளி அமர்ந்திருக்கும் மேடை அதிர்கிறது. எரியும் ரப்பரின் நாற்றங்கூட வீசுகிறது.

இவையனைத்தினும் முக்கியமானது, நோயாளி காணாத ஒரு பலகை. அது வைத்தியர் கையில் இருக்கிறது. பகலை இரவாக்குவதும், குண்டோசையைத் தூரத்தே எழுப்புவதும், வேண்டுமாயின் அனைத்தையும் நிறுத்துவதும் அவரே. நோயாளி தன் கலக்கத்தை 0 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணாற் கூறுகிறான். அவ்வெண்ணைக் கேட்டே அடுத்த படி வைக்கப்படுகிறது. இப்பலகை இல்லாவிடின் அது சிகிச்சையன்று, வெறும் துன்பமே. காட்சி தலையின் அசைவுக்குச் சற்றே பிந்தினும் குமட்டல் உண்டாகுமாதலின், அதனையும் காத்தல் வேண்டும்.

பயன் யாது? 162 போர்வீரரைக்கொண்டு நடத்திய சோதனையொன்று 2016-இல் வெளியாயிற்று. சிகிச்சையின்றிக் காத்திருந்தோரினும் இம்முறையினர் நலமுற்றனர். ஆனால் 3, 6 மாதங்கள் கழித்து நோக்குகையில், கருவியின்றிக் கண்மூடி நினைவுகூர்ந்தவர்களே அதிக நலம் பெற்றிருந்தனர். ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்தது இதற்கு மாறானது. கண்மூடி நினைக்க இயலாதவர்க்கே இக்களம் உரியது போலும் என நாம் கருதுகிறோம். அத்தகையோரும் சிலர் உளர்.