மக்கு யார்? பிள்ளையா, பாடமா?

ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஆறு நாளும் ஷிப்டு, லோக்கல் ரயில் என்று ஓடும் தகப்பனாருக்கு அன்றுதான் பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது. தண்ணீர் பிடித்தாயிற்று, டீயும் குடித்தாயிற்று. "எலே, புஸ்தகத்த எடுத்துட்டு வா, வாசி பாப்போம்" என்கிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒரு பக்கத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். நாலு பக்கம் தள்ளித் திருப்பி, நடுவில் ஒரு வரியில் விரலை வைக்கிறார். பையன் வாயே திறக்கவில்லை. எழுத்துக் கூட்டவும் வரவில்லை. முதல் பக்கத்தை அவன் வாசிக்கவில்லை, வகுப்பில் மற்ற பிள்ளைகள் சொன்னதைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிகிறது.

அடுத்து நடப்பது தெரிந்த கதை. முதுகில் ஒரு சாத்து. "மூணு வருஷமா ஸ்கூலுக்குப் போயி என்னத்தலே கிழிச்சே?" அடுப்படியிலிருந்து அம்மா, "விடுங்க, அவன் மண்டைக்கு அவ்வளவுதான் ஏறும்" என்கிறாள். அந்த வீட்டில் அன்றோடு ஒரு பிள்ளைக்கு 'மக்கு' என்று பெயர் வைத்தாயிற்று. பிறகு டியூஷன். டியூஷனும் பலிக்காவிட்டால் ஏதாவதொரு பட்டறை.

தாராவியோ, ஆன்டாப் ஹில்லோ, மான்குர்டோ, நம்மவர்கள் குடியிருக்கும் எந்தச் சாலிலும் இது புதிய காட்சியல்ல. அடுத்த கோலியில் இருக்கும் மராத்திக்காரர் வீட்டிலும், உத்தரப் பிரதேசத்துக்காரர் வீட்டிலும் இதே கதைதான். ஆனால் பையன் உண்மையிலேயே மக்குதானா என்று இதே மும்பை மாநகரில் சிலர் முறையாக ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பால்சகி வந்தாள்

1995-ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மாதவ் சவான், ஃபரீதா லாம்பே ஆகிய இருவரும் அதைத் தொடங்கியவர்கள். அந்த நிறுவனம் மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்தது. 'பால்சகி' என்று அதற்குப் பெயர். குழந்தையின் தோழி என்று பொருள்.

ஏற்பாடு இவ்வளவுதான். அந்தந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும், பள்ளி இறுதி வரை படித்த இளம்பெண் ஒருத்தியை அமர்த்துவது. இரண்டு வாரம் பயிற்சி. சம்பளம் மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பதினைந்து இருபது பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் அவள் தனியே அழைத்துக்கொண்டு போவாள். வராந்தாவோ மைதானமோ, கிடைத்த இடம்தான் வகுப்பு. அங்கே அவர்களுடைய வகுப்புப் பாடத்தை அவள் நடத்தமாட்டாள். எழுத்து தெரியாதவனுக்கு எழுத்து, எண் தெரியாதவளுக்கு எண். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் விட்டுப்போனதைப் பிடித்துக்கொடுப்பதுதான் அவள் வேலை. இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் தங்கள் வகுப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

டீச்சர் டிரெயினிங் முடித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். பத்தாவது படித்த பெண் என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறாள்?

இதை ஆராய வந்தவர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் என்ற நால்வர். இவர்களில் பானர்ஜி 1961-ல் இந்த மும்பையில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். பானர்ஜியும் டுஃப்லோவும் மைக்கேல் கிரெமர் என்பவருடன் சேர்ந்து 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதனை வைத்து அளந்து பார்க்கும் முறைக்காகக் கிடைத்த பரிசு அது. அந்தச் சோதனைகளில் பெயர் பெற்ற ஒன்று, மாநகராட்சிப் பள்ளி வராந்தாவில் நடந்த இந்தப் பால்சகி சோதனை.

சீட்டுக் குலுக்கல்

2001 முதல் 2003 வரை மும்பையிலும் குஜராத்தின் வதோதராவிலும் 15,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இந்த ஆய்வு நடந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் பள்ளிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதிப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பால்சகி. மறு பாதிப் பள்ளிகளில் அந்த வகுப்பை விட்டு வேறு வகுப்புக்குப் பால்சகி. எந்தப் பள்ளிக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பால்சகி வந்த மூன்றாம் வகுப்பையும், வராத மூன்றாம் வகுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழி பிறந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பரீட்சை, முடிவில் ஒரு பரீட்சை.

தொடக்கப் பரீட்சையே திடுக்கிட வைத்தது. வதோதராவில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில், ஒன்றாம் வகுப்புக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியென்றால் ஐந்தில் நாலு பேர் 'மக்கு' என்று ஆகிறது. வகுப்பில் நாலைந்து பேர் தேறவில்லை என்றால் பிள்ளைகளைச் சொல்லலாம். ஐந்துக்கு நாலு பேர் தேறவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது?

முடிவுப் பரீட்சையில் பால்சகி வந்த வகுப்புகள் தெளிவாக முன்னேறியிருந்தன. அதிலும் எல்லாரையும் விடக் கடைசியில் கிடந்த பிள்ளைகள்தான் அதிகம் ஏறி வந்தார்கள். பத்தாவது படித்த அக்கா, கடைசி பெஞ்சைத் தூக்கி நிறுத்திவிட்டாள். செலவு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 107 ரூபாய்.

இதில் இன்னொரு விஷயம் யாரும் எதிர்பாராதது. பின்தங்கிய பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டால், வகுப்பில் மிஞ்சியவர்கள் பாதிக் கூட்டம்தான். அவர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர், அமைதியான வகுப்பு. அவர்கள் பிரமாதமாக முன்னேறியிருக்க வேண்டும் அல்லவா? முன்னேறவில்லை. வகுப்பில் கூட்டத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல காலமாகச் சொல்லிவருகிறோம். கூட்டம் குறைந்தும் பாடம் அதே வேகத்தில், அதே உயரத்தில் ஓடினால் பிள்ளைக்கு ஒன்றும் எட்டாது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டியது.

ஆசிரியரை ஏசிப் பயனில்லை

இதற்காக வாத்தியார்களைக் குறை சொல்வது சுலபம், நியாயமில்லை. அவர்கள் சிலபஸை முடித்தாக வேண்டும். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டமும் பாடம் முழுவதையும் குறித்த காலத்துக்குள் முடிப்பதை ஆசிரியரின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. (பிள்ளையின் திறனை அறிந்து தேவையானால் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது எத்தனை பாடம் முடிந்தது என்றுதான்.) பாசஞ்சர் வண்டியில் ஏற வேண்டிய சனத்துக்கு முன்னால் எக்ஸ்பிரஸ் விட்டால், டிரைவர் மேல் தப்பில்லை. டைம்டேபிள் போட்டவரைத்தான் கேட்க வேண்டும்.

வண்டி யாருக்காக ஓடுகிறது என்பதை வேறு நாட்டுச் சோதனை ஒன்றும் காட்டியது. ஆப்பிரிக்காவின் கென்யாவில் 1990-களில் கிராமப் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடப்புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் அதை அளந்தார்கள். புத்தகத்தால் பயன் பெற்றவர்கள், ஏற்கெனவே முதல் வரிசையில் இருந்த பிள்ளைகள் மட்டுமே. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, மாநிலத்துக்கு மராத்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்து வைப்பது சரிதானா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. பின்தங்கியவர்களை எழுப்பித் தனியே கூட்டிக்கொண்டு போனால், அதுவே ஒரு முத்திரை ஆகிவிடாதா? 'மக்கு செட்டு போகுது பார்' என்று மற்ற பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?

முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள், ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாமல் விளையாட விட்டபோது, மேல்சாதிப் பையன்களும் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் ஏறத்தாழச் சமமாகவே புதிர்களை விடுவித்தார்கள். பிறகு வேறு குழுக்களில், ஒவ்வொருவனின் பெயர், தகப்பன் பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலும் உரக்கச் சொல்லிவிட்டு விளையாட விட்டார்கள். தாழ்த்தப்பட்ட பையன்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிட்டது. புதிர் அதே புதிர், மூளையும் அதே மூளை. 2006-ல் வெளியான இந்த முடிவைப் படித்தவர்கள், பிள்ளை முகத்துக்கு நேரே 'மக்கு' என்று சொல்ல இரண்டு முறை யோசிப்பார்கள்.

பால்சகி ஏற்பாட்டில் பிரிவு நிரந்தரமில்லை, தினம் இரண்டு மணி நேரம்தான் என்பது ஒரு சமாதானம். அதைவிட நல்ல வழி பின்னால் அரியானாவில் கிடைத்தது. 2012-13-ல் அங்கே அரசுப் பள்ளிகளில் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எல்லாப் பிள்ளைகளையும் வகுப்பைப் பாராமல் வாசிக்கும் தரத்தை வைத்துக் கலைத்து உட்காரவைத்தார்கள். எல்லாரும் இடம் மாறுவதால் யாரும் தனியே எழுந்து போகும் அவமானம் இல்லை. நடத்தியவர்கள் அதே அரசு ஆசிரியர்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. பீகாரில் ஒதுக்கிய நேரமோ மேற்பார்வையோ இல்லாமல் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பார்த்தபோது, குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

மறைக்கக் கூடாத கணக்கு

பால்சகி கதையில் கசப்பும் உண்டு. இரண்டாம் ஆண்டில் மும்பையில் ஏற்பாடு எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேரவில்லை. அமர்த்திய பெண்கள் சராசரி ஓராண்டுதான் நிலைத்தார்கள். கல்யாணம் ஆயிற்று, வேறு வேலை கிடைத்தது, போய்விட்டார்கள். 500 ரூபாய்க்கு எத்தனை காலம் இருப்பார்கள்? திட்டம் நின்று ஓராண்டு கழித்து மறுபடி பரீட்சை வைத்தபோது, கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது. மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சம். பிடித்திருந்த கையை எடுத்ததும் பழையபடி எக்ஸ்பிரஸ் பாடத்துக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தினால் வேறென்ன ஆகும்?

நம் ஊர்ப் பக்கமும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன் முதலிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதில் அதிகம் கலந்துகொண்டார்கள்.

ஆனால் நாடு முழுதும் பார்த்தால் பழைய நோய் தீர்ந்துவிடவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் 'அசர்' ஆய்வின் 2024 கணக்குப்படி, ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் சரிபாதிக்கும் சற்றுக் குறைவே.

வீட்டில் பார்க்கலாம்

அந்த 'அசர்' ஆய்வு செய்பவர்கள் கொண்டுபோவது ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சிறு சொற்கள், ஒன்றாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்யலாம். பிள்ளை முன்பு பார்த்திராத புத்தகமாக இருக்க வேண்டும், மனப்பாடத்துக்கு வழி வைக்கக் கூடாது. பள்ளிக்கூட மொழியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை பார்ப்பது நல்லது. பையன் சொல்லில் தடுக்கினால், அவனுக்கு இன்றைக்கு வேண்டியது சொல். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்பாவுக்கு ஷிப்டு, அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்றால், அதே சாலில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு இருக்கும் பெண் ஒருத்தியைக் கேட்டுப் பார்க்கலாம். நாலு வீட்டார் சேர்ந்தால் பத்துப் பிள்ளை தேறும். ஒன்று மட்டும், 2001-ல் 750 ரூபாய்க்குக் கிடைத்த பால்சகி இன்றைக்கு அந்தப் பணத்துக்குக் கிடைக்கமாட்டாள். கேட்கவும் கூடாது.