கீழவாசல் பீரங்கி

தஞ்சாவூர் கீழவாசலில், பழைய கோட்டையின் மிச்சமான பீரங்கி மேட்டில் இருக்கிறது இராசகோபாலப் பீரங்கி. நீளம் சுமார் 25 அடி, எடை ஏறக்குறைய 22 டன். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டது என்பார்கள்.

இதை அச்சில் வார்க்கவில்லை. அன்றைய நம் கொல்லர் உலைகளில் இரும்பு உருகி ஓடாது, சிறு கட்டிகளாகவே கிடைக்கும். அந்தக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து நீளப் பட்டைகளாக்கி, குழல் வடிவில் சுற்றி அடுக்கினார்கள். அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டிச் சம்மட்டியால் அடித்து ஒட்டினார்கள். ஆறும்போது வளையம் சுருங்கிக் குழலை இறுக்கிப் பிடிக்கும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற அதே வித்தைதான். வெடிமருந்து வெடிக்கையில் குழலைப் பிளக்கப் பார்க்கும் வேகத்தை இந்த இறுக்கம் தாங்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பு சட்டென்று உடைந்து தெறிக்கும். அடித்த இரும்பு அப்படிச் சிதறாது.

தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர்கள் உதவினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. 1620-இல் ரகுநாதர் அவர்களுக்கு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் ஐரோப்பா அப்போதே வார்ப்புப் பீரங்கிக்கு மாறிவிட்டிருந்தது. இந்த வேலைப்பாட்டில் தெரிவது நம்மூர்க் கொல்லர் கைதான்.

பீரங்கி வருமுன் கோட்டை பிடிப்பது வேறு கலை. 536-இல் கோத்துகள் வசமிருந்த நேப்பிள்ஸ் நகருக்குள் பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸின் வீரர்கள் நுழைந்தது, மதிலை உடைத்தல்ல; நீர்க்கால்வாய் வழியே ஊர்ந்து. வெடிமருந்து வந்தபின் மதிலை உடைப்பதே முதல் வழியாயிற்று. அதற்கு மருந்தும் சோறும் கையிருப்பில் வேண்டும்.

1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு இரண்டுமே போதவில்லை. பிரெஞ்சுக்காரரின் கூட்டாளியான சந்தா சாகிபுக்குத் தஞ்சை மன்னர் எழுதிக்கொடுத்திருந்த பழைய கடனைக் கேட்டுத் தஞ்சையை முற்றுகையிட்டார். மன்னர் பிரதாப சிங் பேச்சுவார்த்தையிலேயே நாளைக் கடத்தினார். ஆகஸ்டில் மதிலில் விரிசல் விழுந்தது. ஆனால் நெல் விளையும் நாட்டில் பட்டாளம் பட்டினி கிடந்தது, மருந்தும் தீரும் நிலை. காரைக்கால் அருகே ஆங்கிலேயக் கப்பல்கள் என்ற செய்தியும் வந்துசேர, லாலி பின்வாங்கினார்.

அடுத்து வந்தவர்கள் ஆயத்தமாக வந்தார்கள். 1771-இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயக் கம்பெனியும் நடத்திய முற்றுகை உடன்படிக்கையில் முடிந்தது. 1773 செப்டம்பரில் கோட்டை விழுந்தது, துளஜா மன்னர் சிறைப்பட்டார். மேட்டுப் பீரங்கியால் அதைத் தடுக்க முடியவில்லை.

பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் கீழவாசலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பீரங்கியின் உடலில் வளையங்கள் ஒன்றோடொன்று சேரும் கோடுகளைப் பார்க்கத் தவறாதீர்கள்.