சீமைக்கிளுவை: வேலியில் விளையும் பசளை

பயிர் மிகுதியாக வேண்டி நிற்கும் போசணைகளுள் முதன்மையானது நைதரசன் ஆகும். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்கு நைதரசனே. எனினும் நெல்லும் கத்தரியும் மிளகாயும் அதனைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள மாட்டா. அவரையினத்தைச் சேர்ந்த மரங்கள் பலவோ தம் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்களின் துணையால் அதனைப் பெறுகின்றன. பற்றீரியங்கள் காற்றின் நைதரசனை மரம் ஏற்கத்தக்க உருவில் ஆக்கிக் கொடுக்கின்றன. மரம் அவற்றுக்கு உணவளிக்கின்றது. இவ்வாறு திரளும் நைதரசன் மரத்தின் இலையில் நிறைந்திருப்பதால், அவ்விலை சிறந்த பசுந்தாட் பசளையாகின்றது.

நம் நாட்டில் இவ்வகை மரங்களுள் எளிதில் வளர்வது, கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவை ஆகும். மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். கொக்கோச் செடிக்கு நிழல் தருவதால் அங்கு இதனைக் 'கொக்கோவின் தாய்' என்பர். இலங்கையில் இது வேலிக் கதியாலாகவும், மிளகுக் கொடி படரும் மரமாகவும், தென்னந்தோட்டங்களிற் பசளை மரமாகவும் பயன்படுகின்றது.

எவ்வளவு பசளை கிடைக்கும்?

இதனைக் கமக்காரர் சரியாக அறிந்திருத்தல் அவசியம். 1,000 கிலோ பச்சைக் குழை உலர்ந்தால் 200 முதல் 250 கிலோ வரை நிற்கும். உலர்ந்த இலையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே 1,000 கிலோ பச்சைக் குழையில் நடுத்தரமாக 8 கிலோ நைதரசன் உள்ளதெனக் கொள்ளலாம். 50 கிலோ கொண்ட ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் உள்ளது. எனவே ஏறக்குறைய மூன்று தொன் குழை ஒரு மூடை யூரியாவுக்கு ஒப்பாகும்.

ஒரு தொன் நெல்லை விளைவிக்க, பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசனை உறிஞ்சுகின்றது. ஏக்கருக்கு இரண்டு தொன் விளையும் வயலில் இது 30 முதல் 40 கிலோ ஆகும். அதனுள் ஒரு பகுதியை மண்ணே கொடுக்கும். எஞ்சியதை நாம் இடவேண்டும். இட்ட குழையிலுள்ள நைதரசன் முழுவதும் அப்போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பதில்லை. ஆதலால் குழையை மட்டும் நம்பி இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்துவது தகாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பர் மாதத்தில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதையடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைவு வெகுவாகக் குறைந்தமையைக் கமக்காரர் மறந்திரார். சேதனப் பசளை தீமையானது என்பதன்று இதன் பொருள். வேண்டிய அளவைக் கணக்கிட்டு, முன்கூட்டியே தேடி வைக்காமல் மாற்றம் செய்தலாகாது என்பதே பொருள். வேலியில் மரம் வைத்திருப்பவர், பசளை விலையேறும் காலத்திலும் தட்டுப்பாடு வரும் காலத்திலும் முற்றாகக் கைவிடப்பட மாட்டார்.

நடுதல்

நாற்சதுரமான ஓர் ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. மூன்றடிக்கு ஒன்றாக நட்டால் ஏறக்குறைய 280 கதியால்கள் கொள்ளும். ஒரு வெட்டுக்கு மரமொன்று 4 கிலோ குழை தருமாயின், வேலி முழுவதும் ஒரு தொன்னுக்கு மேல் தரும். தம் மரங்கள் சிலவற்றின் குழையை நிறுத்துப் பார்த்து, உண்மையான அளவை ஒவ்வொருவரும் அறிந்துகொள்க.

முற்றிய கிளைகளில், ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை பருமனும் ஐந்து அல்லது ஆறடி நீளமும் உள்ள கதியால்களைத் தெரிந்தெடுக்க. மழைநீர் தேங்காதவாறு நுனியைச் சரிவாக வெட்டி, மழை தொடங்கியதும் ஓரடி ஆழத்தில் நடுக. நீர் தேங்கும் பள்ளத்தில் இம்மரம் செழிக்காது. ஆகவே வயலோரத்தில் மேடான எல்லை வரம்பே ஏற்றது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 4,000 அடிக்கு மேற்பட்ட குளிர்ந்த மலைப் பகுதிகளுக்கு இது உகந்ததன்று.

வெட்டுதலும் இடுதலும்

நட்டு ஓராண்டு கழியும்வரை வெட்டாதிருத்தல் நன்று. அதன்பின் மூன்று அல்லது நான்கடி உயரத்தில் வெட்டுக. இவ்வாறு தாழ்வாக வைத்திருந்தால் பயிர்மீது நிழல் விழாது. நிலம் பண்படுத்துவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னர் ஒருமுறை வெட்டிவிட்டால், வேண்டிய காலத்தில் இளங்குழை ஆயத்தமாக இருக்கும்.

இவ்விலை விரைவில் உக்கும் தன்மையது. முன்னதாக இட்டால் சத்து வீணாகும். விதைக்கும் நாளில் இட்டாலோ, உக்கும்போது சேற்றிலுண்டாகும் அமிலங்களும் வாயுக்களும் நாற்றைத் தாக்கும். ஆகவே நெல் வயலில் விதைப்புக்கு அல்லது நடுகைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்னர் குழையைப் பரப்பி, உழுது சேற்றில் அமிழ்த்துக. தடித்த தண்டுகளை நீக்கிவிடுதல் வேண்டும். அவை மெல்ல உக்குவதுடன், மண்ணிலுள்ள நைதரசனையும் சிலகாலம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மரக்கறித் தோட்டத்தில் சால் வெட்டிக் குழை தாழ்த்து, மண்ணால் மூடி, இரண்டு வாரத்தின் பின் கன்று நடுக. பாத்தியின்மேல் மூடாகப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும்; ஆயினும் நைதரசனில் ஒரு பங்கு காற்றிற் கலந்துவிடும். ஆகவே பசளையே நோக்கமாயின் மண்ணுள் தாழ்ப்பதே மேலானது.

குழையில் பொசுபரசு மிகச் சிறிதளவே உண்டு. அதனை வேறாக இடுதல் வேண்டும். வைக்கோலை எரிக்காது வயலுக்கே திருப்பினால், அதிலுள்ள பொட்டாசியம் மண்ணிற் சேரும்.

பிற பயன்கள்

நீக்கிய தண்டுகள் விறகாகும். வாடிய இலையை ஆடுமாடுகளுக்குப் பிற தீனுடன் கலந்து கொடுக்கலாம். பழகும்வரை சிறிது சிறிதாகக் கொடுக்க. இதன் விதையும் பட்டையும் நஞ்சுடையன. இதன் தாயகத்தில் அவற்றை எலி கொல்லப் பயன்படுத்துவர். ஆகவே குழந்தைகளுக்கு எட்டாதவாறு பார்த்துக்கொள்க.

மண்ணைப் பரிசோதித்து, இடும் குழைக்கு ஏற்ப யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. முதற் போகத்தில் வயலின் ஒரு சிறு பகுதியில் மட்டும் குறைத்து, விளைவை ஒப்பிட்டுப் பார்த்தபின் ஏனைய பகுதிக்கும் விரிவாக்குதல் பாதுகாப்பானது. கதியால் நடுவதற்குரிய காலம் அடுத்த மழையாகும். வேண்டிய கிளைகளை இப்பொழுதே பார்த்து வையுங்கள்.