பல்லோடு பல்லாக: நிறம் பொருந்தும் அடைப்புகள்

இளகிய காம்போசிட்

சொத்தையைச் சுரண்டி எடுத்த குழியில் பல்லின் நிறத்திலேயே வைக்கப்படும் அடைப்புப் பொருள் காம்போசிட். ரெசின் எனும் பிசினும் கண்ணாடி, சிலிக்கா போன்றவற்றின் நுண்துகள்களும் சேர்ந்த கலவை இது. துகள்களைக் குறைத்து, மெல்லிய ஊசிமுனை வழியே வழியும்படி இளக்கிய வகைக்கு ‘ஃப்ளோயபிள்’ என்று பெயர். 1990களின் நடுவில் இது புழக்கத்துக்கு வந்தது. சிறு குழிகளிலும், அழுத்திப் பல் துலக்கித் துலக்கி ஈறோரம் விழுந்த பள்ளங்களிலும் இடுக்கு விடாமல் தானே பரவிக்கொள்ளும். ஆனால் துகள் குறைவு என்பதால் இறுகும்போது அதிகம் சுருங்கும். மெல்லும் விசையில் சீக்கிரம் தேயும். பெரிய குழி என்றால் இதை அடியில் மெல்லிதாகப் பூசி, மேலே கெட்டியான காம்போசிட்டை வைப்பது வழக்கம்.

நிறம் பார்க்கும் நேரம்

அடைப்பு தனியாகத் தெரிவதற்குப் பொருளைவிட நிறம் பார்த்த நேரமே பலமுறை காரணமாகிறது. வாயைத் திறந்து வைத்திருந்தாலே பல் உலரத் தொடங்கும். எனாமலில் உள்ள ஈரம் போய்க் காற்று புகுந்ததும் பல் இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்புக்குப் பொருத்தமாக அடைத்தால், பல் மறுபடி ஈரமாகிப் பழைய நிறத்துக்கு வந்தபின் அடைப்பு மட்டும் வெள்ளைத் திட்டாக நிற்கும். எனவே பஞ்சு வைப்பதற்கும் ரப்பர் திரை கட்டுவதற்கும் முன்பே, பல் ஈரமாக இருக்கையில் நிறத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது வீட்டா நிற அட்டவணை. ஏ1 முதல் டி4 வரை அதில் 16 நிறங்கள். ஏ வரிசை செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். உதட்டுச்சாயம் கண்ணை ஏமாற்றும் என்பதால் அதைத் துடைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. இன்னும் நம்பகமான வழி ஒன்று உண்டு: ஒரு பொட்டு காம்போசிட்டை ஒட்டுப்பசை இல்லாமல் பல்லின்மேல் வைத்து, நீல ஒளியில் இறுகவிட்டு ஒப்பிடுவது. இறுகியபின் நிறம் சற்று மாறும். குழாயில் தெரியும் நிறத்தை நம்ப முடியாது.

ஒரே நிறத்தில் எல்லாம்

ஜப்பானின் டோக்குயாமா நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஆம்னிக்ரோமா எனும் காம்போசிட்டில் நிறமியே கிடையாது. ஏறத்தாழ 260 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைத் துகள்கள், மயிலிறகில் நடப்பதுபோல, தம் அமைப்பாலேயே ஒளியைச் சிதறவிட்டு மஞ்சள் முதல் சிவப்பு வரையான சாயலைத் தருகின்றன. சுற்றியுள்ள பல்லின் நிறமும் அதோடு கலந்துகொள்கிறது. சுற்றிலும் பல் இருக்கும் குழிகளில் இது அருமையாகப் பொருந்தும். முன்பல்லின் நுனி உடைந்து பின்னால் தாங்கலே இல்லாத இடத்தில், வாயின் இருள் ஊடுருவி அடைப்பு சாம்பல் பூத்துத் தெரியும். அங்கே ஒளி புகாத அடிப்பூச்சு தேவைப்படும்.

அடைப்புக்கு முன்னும் பின்னும்

பல்லை வெளுக்கச் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரமாவது கழித்தே அடைக்க வேண்டும். அடைத்த காம்போசிட் பல்லோடு சேர்ந்து வெளுக்காது. வெளுத்த உடனே அடைத்தால் பல்லில் ஒட்டும் பிடிப்பும் குறையும். மெருகேற்றாத பரப்பில் டீ, காபி, மஞ்சள், வெற்றிலைக் கறை எளிதில் ஏறும். அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் அது வெறும் கறையாக இருக்கலாம், மெருகேற்றினால் போய்விடும். ஓரம் விலகி உள்ளே கசிவு இருந்தாலும் அதே கோடுதான் தெரியும். எது என்பதைப் பல் மருத்துவர் பரிசோதித்தே சொல்ல முடியும்.